நாடி எண்ணி அளந்த நிலம்

முப்பத்தோரு வருடம் நான் சர்வேயராக இருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை அது. தாளடி அறுவடை முடிந்து வயல் காய்ந்ததிலிருந்து மேட்டூரில் தண்ணீர் திறக்கும் வரைக்கும் உள்ள மூன்று நான்கு மாதம்தான் எங்களுக்குக் காலம். சித்திரை வெயிலில் சங்கிலியும் கொடிக்கம்புமாக வரப்பு வரப்பாக நடக்க வேண்டும். நடக்க முடியாத சர்வேயர் என்று ஒருவனை நான் கற்பனை செய்து பார்த்ததுகூட இல்லை. நாற்பத்தாறாவது வயதில் நானே அப்படி ஆனேன்.

அந்த வருடம் என்னிடம் வந்த கோப்பு, ஒரு கிராமத்தின் பதினெட்டு ஏக்கர் நன்செய் பற்றியது. உச்சவரம்புக்கு மேல் வைத்திருந்ததாக ஒரு பண்ணைக் குடும்பத்திடமிருந்து எடுக்கப்பட்ட நிலம். பத்து வருடத்துக்கு மேல் கோர்ட்டில் கிடந்து, கடைசியில் அந்த வயல்களிலேயே கூலி வேலை பார்த்த முப்பத்தாறு குடும்பங்களுக்கு ஆளுக்கு அரை ஏக்கர் என்று பிரித்துக் கொடுக்க உத்தரவாகியிருந்தது. அதற்குள் ஆட்சி இரண்டு முறை மாறிவிட்டது. ஊர்ச் சுவர்களில் சூரியன் இருந்த இடத்தில் இலை வந்து, மறுபடி இலை மேல் சூரியன் வந்திருந்தது. பண்ணைக் குடும்பத்துக்கு இரண்டு கறைவேட்டிகளிலும் ஆள் உண்டு. அதனால் உத்தரவு தாலுகா அலுவலகம் வரை வரும், அங்கேயே உட்கார்ந்துகொள்ளும்.

நான் போய் அளக்க ஆரம்பித்த இரண்டாம் நாள் பண்ணையின் காரியஸ்தர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் குடை, பேச்சில் எப்போதும் பணிவு. வடக்கு வரப்பு எங்கள் புலப்படத்தில் உள்ளபடி இல்லை என்று ஒரு மணி நேரம் வாதாடினார். நானும் குரலை உயர்த்தினேன். சங்கிலியைத் தூக்கிக்கொண்டு வேகமாக வடக்குப் பக்கம் நடந்தேன். பாதி வழியில் நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவது போல இருந்தது. இடது தாடை வலித்தது. வரப்பில் உட்கார நினைத்தேன். விழுந்தேன் என்று பிறகு சொன்னார்கள்.

என்னைத் தூக்கியது அங்கே உளுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள். நடவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போகும் ஒரு அம்மாள் அவர்களுக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் செய்தாராம். அவருக்கு என் வயதுதான் இருக்கும். அவர்கள் குடியிருந்த தெருவிலிருந்து கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவரச் சொல்லி, அரை மைல் தூரம் வரப்பிலேயே என்னைச் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுவந்து, வைக்கோல் ஏற்றப் போன ஒரு டிராக்டரை மறித்து ஏற்றி அனுப்பியிருக்கிறார். எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான். அவருடைய தூக்குவாளியிலிருந்து என் வாயில் தண்ணீர் ஊற்றினார். "பேசாதீங்க, சர்வேயரய்யா. முழுங்குங்க" என்றார்.

ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். மூன்றாம் நாள் அதைவிட மோசமானது நடந்தது. காப்பி குடித்துக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டேன். கண் விழித்தபோது நர்ஸ் ஒருவர் என் மார்பின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். தோலில் தீய்ந்த வாடை. இதயத் துடிப்பு தறிகெட்டு ஓடியது, மின்சாரம் வைத்து நிறுத்தினோம் என்று டாக்டர் என் மனைவியிடம் சொன்னார். அவள் அதை என்னிடம் சொல்ல ஒரு மாதம் எடுத்துக்கொண்டாள்.

மன்னார்குடியில் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு, தெருமுனை டாக்டர் ஒரு காகிதத்தில் செய்யக் கூடாதவற்றை எழுதிக் கொடுத்தார். மாடி ஏறக் கூடாது, வாளி தூக்கக் கூடாது, கோபப்படக் கூடாது, நடக்கக் கூடாது. கழிவறைக்குப் போவதுகூட ஆள் பிடித்துக்கொண்டுதான். என் மனைவி அந்தக் காகிதத்தைச் சட்டம் போலப் பின்பற்றினாள். நான் கட்டிலில் கிடந்தேன். கிடக்கக் கிடக்க என் காது முழுக்க உள்ளுக்குள்ளேயே திரும்பிவிட்டது. துடிப்பு ஒன்று தவறும்; அடுத்தது தொம்மென்று விழும். அவ்வளவுதான், போய்விட்டேன் என்று நினைப்பேன். பயத்தில் இன்னும் நாலு தவறும். மூன்று மாதத்தில் என் கெண்டைக்கால் சதை என் கைப்பிடிக்குள் அடங்கியது. நாற்பது எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது.

ஒரு மத்தியானம் அந்த அம்மாள் வந்தார். துணைக்கு இன்னொரு பெண். வாசலிலேயே நின்றார்கள். என் மனைவி உள்ளே வரச் சொல்லி நாற்காலி போட்டாள். உட்காரத் தயங்கி, பிறகு உட்கார்ந்தார்.

"நீங்க செத்துப் போயிட்டீங்கன்னு ஊருல சொல்றாங்க" என்றார். "அதான் பாத்துட்டுப் போவலாம்னு வந்தோம்."

"யார் சொல்றது?"

"காரியஸ்தரு ஆளுங்கதான். அந்த நெலம் காவு வாங்குற நெலம், அளக்க வந்தவனையே அடிச்சுப் போட்டுடுச்சுன்னு பேச்சு. எங்க ஆளுங்கள்லயே ஏழு பேரு, எங்களுக்கு வேணாம்னு எழுதிக் கொடுத்துட்டாங்க."

"வேற சர்வேயர் வரலியா?"

"ஒருத்தரு லீவு போட்டுட்டாரு. ஒருத்தரு மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டாரு. நீங்க எங்களுக்காக ஒண்ணும் செய்ய வேணாம், அய்யா. உசுரோட இருக்கீங்கன்னு தெருவுல போயி சொல்றேன். அது போதும்."

அவர்கள் போன பிறகு நான் கட்டிலில் படுக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடந்தேன். சமையலறையிலிருந்து வந்த மனைவி அப்படியே நின்றுவிட்டாள். நான் பிணம் என்று சொல்லி ஏழு பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. எனக்குப் பெரிய கொள்கை எதுவும் கிடையாது. ஆனால் ஆரம்பித்த அளவையைப் பாதியில் விட்டவன் இல்லை நான்.

அந்த வாரமே தஞ்சாவூரில் இதய வைத்தியம் பார்க்கும் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். பேச்சில் சுற்றி வளைப்பது இல்லை. தெருமுனை டாக்டரின் காகிதத்தைப் படித்துவிட்டு மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இதுல எழுதினது முதல் சில வாரத்துக்குச் சரி. அதுக்கப்புறமும் படுத்தே கிடந்தா அதுவே ஒரு வியாதி" என்றார். "உங்களால நடக்க முடியுமான்னு நானும் சும்மா சொல்ல மாட்டேன். பாத்துட்டுச் சொல்றேன்."

அறை மூலையில் இரண்டு படி வைத்த ஒரு மரப்பெட்டி இருந்தது. அதில் ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும், திரும்பி மறுபடி ஏற வேண்டும். பக்கத்தில், துடிப்பு தறிகெட்டால் மின்சாரம் வைக்கிற பெட்டியோடு ஒருவர் நின்றார். முதலில் படுக்க வைத்து ஒரு ஈ.சி.ஜி., மெதுவாக ஏறச் சொல்லி ஒரு ஈ.சி.ஜி., கொஞ்சம் வேகமாக ஏறச் சொல்லி ஒரு ஈ.சி.ஜி. என் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முடிந்ததும் டாக்டர் மூன்று காகித நாடாக்களை மேசையில் வரிசையாக விரித்தார்.

"இது நீங்க படுத்திருந்தப்போ. இங்க பாருங்க, நடுவுல அவசரப்பட்டுக் குதிக்குது பாருங்க, அதான் உங்களுக்குத் தவறுற மாதிரி தெரியிறது. இது மெதுவா ஏறினப்போ. ஒண்ணுகூட இல்ல. சீரா இருக்கு. இது வேகமா ஏறினப்போ. திரும்ப வந்துடுச்சு, ஜோடி ஜோடியா."

"அப்ப நடக்கலாமா, கூடாதா?"

"இந்த ரெண்டாவது நாடாவுக்குள்ள இருக்கிற வரைக்கும் நடக்கலாம். நடக்கணும். மூணாவதுக்குப் போகக் கூடாது. உங்க இதயத்துல ஒரு தழும்பு இருக்கு. திடீர்னு ஓடினா, திடீர்னு கனம் தூக்கினா, அந்தத் தழும்புகிட்டதான் துடிப்பு தடம் மாறும். தினமும் கொஞ்சம் கொஞ்சமா பழகின உடம்புக்கு அந்த அபாயம் குறையும். பழகாத உடம்பு ஒரு நாள் ஓடினா, அன்னிக்குத்தான் ஆபத்து."

மணிக்கட்டில் விரல் வைத்து நாடி எண்ணக் கற்றுக்கொடுத்தார். கால் நிமிடத்துக்கு இருபத்தாறைத் தாண்டக் கூடாது என்பது எனக்கு மட்டுமான கணக்கு. மற்றவர்களுக்கு வேறாக இருக்கும் என்றும் சொன்னார். ஆரம்பிக்கும்போதும் முடிக்கும்போதும் ஐந்து நிமிடம் மெதுவாக. சாப்பிட்ட உடனே கூடாது, உச்சி வெயில் கூடாது. மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. தவறல் வந்து அதோடு கண்ணும் இருட்டினால் எந்த இடமானாலும் உட்கார்ந்துவிட வேண்டும், வெட்கப்படக் கூடாது. "நடக்கும்போது பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட முழு வாக்கியமா பேச முடியணும். பேச்சு உடைஞ்சா வேகம் அதிகம்னு அர்த்தம்" என்றார்.

எங்கள் ஊர்த் தெப்பக்குளம் சாதாரணக் குளம் இல்லை. எதிர்க்கரையில் நிற்பவர் யாரென்று தெரியாது. முதல் நாள் வடகரையில் பாதி போய்த் திரும்பினேன். என் மனைவி கூட வந்தாள். கல்யாணமான இருபது வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நடந்ததே இல்லை. கோயிலுக்குப் போனால்கூட நான் பத்தடி முன்னால் போவேன். இப்போது அவள் வேகம்தான் என் வேகம். அவளைத் தாண்டி ஒரு அடி வைத்தாலும் கையை நீட்டி மறிப்பாள். முழு வாக்கியம் பேச வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் ஏதாவது பேசிக்கொண்டே வரச் சொல்வாள். எனக்கு என்ன பேச்சு தெரியும்? புல எண், பரப்பு, எல்லைத் தகராறு. அவள் எல்லாவற்றையும் கேட்டாள். சில நாளில் அந்தப் பதினெட்டு ஏக்கரின் நான்கு எல்லையும் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது.

வாரத்துக்கு அரைக்கரை கூட்டினோம். ஐப்பசி மழையில் குடை பிடித்துக்கொண்டு போனோம். இரண்டாவது மாதக் கடைசியில் குளத்தை ஒரு சுற்று முழுதாக வந்தேன். மறுநாள் முதல் அலுவலகத்தில் பதிவறை வேலைக்குப் போக ஆரம்பித்தேன்.

அப்போதுதான் புத்தி கெட்டது. ஒரு காலை, பஸ் ஸ்டாண்டில் நான் நுழையவும் பஸ் கிளம்பவும் சரியாக இருந்தது. பழைய பழக்கம், கையில் பையோடு ஓடினேன். இருபது எட்டுதான் இருக்கும். படிக்கம்பியைப் பிடித்துவிட்டேன். பிடித்த கணத்தில் மார்புக்குள் ஒரு கோழி சிறகடித்தது போல இருந்தது. நாடி விரலுக்குச் சிக்கவே இல்லை. கண் ஓரத்திலிருந்து கறுப்பாக வந்தது. கம்பியை விட்டுவிட்டு அப்படியே தரையில், பூக்கடைக்கு எதிரில், உட்கார்ந்தேன். வெட்கப்படக் கூடாது என்று டாக்டர் சொன்னது அந்த நேரத்தில் என்னைக் காப்பாற்றியது என்றே நினைக்கிறேன். நின்றிருந்தால் சக்கரத்துக்குப் பக்கத்தில் விழுந்திருப்பேன். ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ கழித்து அது தானாக அடங்கியது.

மறுபடி தஞ்சாவூர். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். டாக்டர் திட்டவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. மாத்திரையின் அளவை மாற்றினார். "முதல்ல இருந்து ஆரம்பிங்க" என்றார்.

"அரைக்கரையிலேர்ந்தா?"

"அரைக்கரையிலேர்ந்து."

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்டாள், "இனிமே வேணாமே. பதிவறை வேலை போதாதா?" அவள் அழவில்லை. கைகளை மடியில் கோத்து வைத்துக்கொண்டு கேட்டாள். நடந்ததால் வரவில்லை, ஓடியதால் வந்தது என்று சொன்னேன். மறுநாள் விடியற்காலை என் செருப்பை வாசலில் எடுத்து வைத்திருந்தாள். வடகரையின் பாதியில் திரும்பினோம். இந்தத் தடவை நான் எதையும் அவசரப்படுத்தவில்லை. தை பிறந்தபோது ஒரு சுற்று, மாசியில் இரண்டு சுற்று. இரண்டு சுற்று முடித்து நாடி எண்ணினால் கால் நிமிடத்துக்கு இருபத்திரண்டு.

பங்குனியில் டாக்டர் மறுபடி மரப்படி ஏற வைத்தார். நாடாவைப் பார்த்துவிட்டு, வயல் வேலைக்குப் போகலாம் என்று கடிதம் கொடுத்தார். காலை ஆறரையிலிருந்து பத்து வரை, மாலை நாலரையிலிருந்து ஆறு வரை. சங்கிலி தூக்கக் கூடாது, உதவிக்கு ஆள் வேண்டும். அந்தக் கடிதத்தைத் தாசில்தார் மேசையில் வைத்து, பதினெட்டு ஏக்கர் கோப்பை மறுபடி எனக்கே கொடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா பதில் சொல்றது நான்தான்."

"அதையும் எழுத்துல கொடுத்துட்டேன் சார். ரெண்டாவது பக்கம்."

சித்திரை முதல் வாரம் போனேன். என் செயின்மேன் சங்கிலியைத் தூக்கிக்கொண்டான். தெரு ஜனம் முழுக்க வயலில் நின்றது. அந்த அம்மாள் கிட்டே வந்து, "எவ்வளவு நேரம் நிப்பீங்க, எங்கெங்க உக்காருவீங்கன்னு சொல்லுங்க" என்று கேட்டார். சொன்னேன். மறுநாள் போனபோது வயலின் நான்கு மூலையிலும் தென்னங்கீற்றில் ஒரு நிழல் போட்டு, கீழே ஒரு பலகையும் ஒரு பானைத் தண்ணீரும் வைத்திருந்தார்கள்.

பழைய எல்லைக்கற்கள் இரண்டைக் காணவில்லை. பிடுங்கிய குழியில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. கல் இல்லையென்றால் அளக்க முடியாது, திருப்பி அனுப்பிவிடலாம் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் மூன்று கிராமங்களின் எல்லையும் கூடுகிற இடத்தில் ஒரு பெரிய கல் உண்டு. அதை இரண்டு ஆள் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. அங்கிருந்து அளந்து வந்தால் காணாமல் போன கல்லின் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். தூரம்தான் அதிகம், போகவர இரண்டு மைலுக்கு மேல். நான் போனேன், என் மனைவியின் வேகத்தில்.

மூன்றாம் நாள் காரியஸ்தர் குடையோடு வந்தார்.

"சார், உங்க நல்லதுக்குச் சொல்றேன். இந்த உடம்போட இந்த வெயில்ல இதெல்லாம் வேணுமா? கல்லு இல்ல, அளக்க முடியலன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. ஜீப்பு நிக்குது, வீட்டுலயே விட்டுடச் சொல்றேன்."

"கல் இருந்த இடம் கிடைச்சுடுச்சுங்க."

"போன வருஷமும் இப்படித்தான் வீம்பு பண்ணினீங்க. கட்டில்ல தூக்கிட்டுப் போனாங்க."

அது என்னைத் தைத்தது. ரத்தம் தலைக்கு ஏறுவது தெரிந்தது. வாயைத் திறப்பதற்குள் துடிப்பு ஒன்று தவறியது, உடனே இன்னொன்று. திரும்பி நடந்து, கீற்று நிழலில் பலகையில் உட்கார்ந்து மணிக்கட்டில் விரல் வைத்தேன். முப்பது நாற்பது பேர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பாத்தீங்களா, முடியல" என்றார் காரியஸ்தர். "முடியலன்னே எழுதுங்க."

"பத்து நிமிஷம் இருங்க" என்றேன்.

அந்த அம்மாள் அவருக்கு எதிரில் வந்து நின்றார். "அவரு உக்காந்திருக்காரு. நீங்களும் செத்த நேரம் உக்காருங்க. எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்றார். அவர் உட்காரவில்லை. பத்து நிமிடம் இல்லை, இருபது நிமிடம் ஆயிற்று. நாடி சீராகி இருபத்தொன்றில் நின்றது. தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தேன். "வடக்கு வரப்பு" என்று செயின்மேனிடம் சொன்னேன்.

நான்கு நாளில் முடிக்கும் வேலைக்குப் பதினோரு நாள் ஆனது. ஒவ்வொரு நாளும் நாடியை எண்ணினேன். இரண்டு நாள் தவறல் அதிகமாக இருந்ததால் வேலையை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்த ஏழு பேரில் ஐந்து பேர் வந்து அந்தக் காகிதத்தை ரத்து செய்யச் சொல்லி மனுக் கொடுத்தார்கள். மற்ற இருவர் வரவே இல்லை. அவர்களுடைய ஒரு ஏக்கர் இன்னும் தாவாவில்தான் இருக்கிறது என்று கேள்வி. முப்பத்து நான்கு துண்டுகளுக்குக் கல் நட்டேன். அந்த அம்மாளின் அரை ஏக்கர் தென்கிழக்கில், வாய்க்கால் தலைமாட்டில் விழுந்தது. கல்லைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "நாத்தங்காலுக்கு ஆகும்" என்று மட்டும் சொன்னார்.

ஆனியில் தண்ணீர் வந்தது. அந்தக் குறுவையை அவர்களே நட்டார்கள். பட்டா கையில் வர இன்னும் ஒன்றரை வருடம் ஆனது. அதற்குப் பந்தல் போட்டு ஒரு மந்திரி வந்தார், என்னை யாரும் கூப்பிடவில்லை. இடையில் ஒரு முறை ஆறு கற்களைப் பிடுங்கிப் போட்டார்கள். புகார் வந்ததும் அடுத்த வாரமே போய் அதே இடத்தில் திரும்ப நட்டேன்.

டாக்டரிடம் வருடத்துக்கு இரண்டு தடவை போனேன். ஒரு முறை, இந்தத் தவறல் என்றைக்காவது முழுதாகப் போகுமா என்று கேட்டேன்.

"போகாது" என்றார். "அது இருக்கும். அது எப்ப சத்தம் போடும்னு இப்ப உங்களுக்குத் தெரியும், அவ்வளவுதான். அடுத்த வேலை எந்த ஊர்ல?"

பூதலூர் பக்கம் என்றேன். வயல் எல்லாம் மேடு பள்ளமா, சமதரையா என்று விசாரித்தார். கடிதத்தில் மாலை நேரத்தை அரை மணி கூட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.